வழுக்குமரத்தடியில் மாப்பிள்ளை பார்த்தேன்

மாப்பிள்ளை பார்க்கக் கடல் தாண்டிப் போனது எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது என் தொழில். அந்தத் தைரியத்தில்தான் இந்த வேலையையும் என் தலையில் கட்டினார்கள்.

அக்கா மகள் ஜெனி திண்டுக்கல்லிலேயே ஓர் ஆஸ்பத்திரியில், எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸ். உறவுக்காரர் கல்யாணம் ஒன்றுக்கு இலங்கையிலிருந்து வந்திருந்த டொமினிக்கை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவன் திரும்பிப் போன பிறகும் தொலைபேசியில் பேச்சு வளர்ந்தது. கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் வீடு. மாநகர சபையில் குமாஸ்தா வேலை. கத்தோலிக்கக் குடும்பம். பையனைப் பற்றி யாருக்கும் குறை இல்லை. குறை ஊரைப் பற்றித்தான்.

அக்காவின் கணவர், என் மச்சான், அதே கண்டிச் சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சிறு வயதில், இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில், பெற்றோரோடு தலைமன்னாரில் கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டவர். அவர் போட்டது ஒரே நிபந்தனை. "அவன் இங்க வரட்டும். நாங்க அழுதுக்கிட்டு வந்த வழியில என் பொண்ணு திரும்பிப் போகக் கூடாது." இதை அந்தப் பையனிடம் நேரில் கேட்டுவிட்டு, ஆளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வர வேண்டும். பள்ளி திறந்த கையோடு நான் விடுப்பு கேட்டதற்குத் தலைமை ஆசிரியை முறைத்தார். ஜூன் மாதம்தான் அங்கே அந்தோனியார் திருவிழா, அதற்கு வாருங்கள் என்று பையனின் அம்மா கூப்பிட்டிருந்தார். நான் என்ன செய்ய?

கொழும்பிலிருந்து ஏறிய ரயில், கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போய், நிலையத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் பாதிப் பெட்டி இறங்கிப் போய் இஞ்சின் ஓட்டுநருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கும். இங்கே யாரும் அசையவில்லை. எதிரில் இருந்தவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். முழு இறால் பதித்த வடையைக் கூடையில் சுமந்து ஒருவர் வந்தார். வெளியே பள்ளத்தில் மேகம் கிடந்தது. நான் இரண்டு வடை வாங்கினேன். இறாலின் மீசை உதட்டில் குத்தியது. ருசி என்னவோ அபாரம்.

பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண்மணி. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். பக்கத்து வரிசையிலிருந்து ஓர் இளைஞன் அவரைப் பார்த்து, "தாத்தா, பேக்க மேல வைக்கவா?" என்றான். எனக்குப் புரையேறிவிட்டது. அந்த அம்மாள் சிரித்தார்.

"நீங்க இந்தியா தானே? எங்கட ஆக்கள் அக்காவத்தான் தாத்தா என்டு சொல்றது. பயப்பட வாணாம், நான் பொம்புளதான்."

நஸீமா என்று பெயர். கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார். "இஞ்சின் சூடாகி ஈக்கி. இனி இது எப்ப போறதோ. வாங்க, ரோட்டுக்கு இறங்கி பஸ்ஸ பிடிப்பம்" என்று என் பெட்டியின் ஒரு கைப்பிடியைத் தானே பிடித்துக்கொண்டார். தண்டவாளத்தின் ஓரமாக நடந்து, ஒரு படிக்கட்டில் இறங்கி, கண்டி போகும் பேருந்தில் தொற்றிக்கொண்டோம்.

வளைவில் ஓட்டுநர் போட்ட பிரேக்கில் என் பெட்டி கையைவிட்டு உருண்டு, நடுவழியே ஓடி, ஓட்டுநரின் இருக்கையில் முட்டி நின்றது. யாரும் திட்டவில்லை. ஒவ்வொரு வரிசையாகக் கைமாற்றி, கல்யாண வீட்டில் பாயசச் சட்டியைக் கடத்துவது போல அதைத் திருப்பி அனுப்பிவைத்தார்கள்.

நான் போகிற வீட்டைச் சொன்னதும் நஸீமாவின் முகம் மலர்ந்தது. "பிலோமினாட மகனா? நல்ல புள்ள. வருஷா வருஷம் விழுவான். அது மட்டும்தான்."

விழுவான் என்றால்? கேட்பதற்குள் கூட்டம் எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்துவிட்டது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே இறங்கியதும், "பெருநாளண்டைக்குக் காணுவம்" என்று அந்தோனியார் திருவிழாவைச் சொல்லிக் கையாட்டிவிட்டு அவர் கடையை நோக்கிப் போய்விட்டார். எனக்குத் தெரிந்து வருஷா வருஷம் திருவிழாவில் விழுகிற ஆண்கள் ஒரே காரணத்துக்காகத்தான் விழுவார்கள். மகாவலி ஆறு பாலத்துக்கு அடியில் பழுப்பாக, பெருத்து ஓடிக்கொண்டிருந்தது. நான் சாராய வாடையை நினைத்துக்கொண்டே மேட்டில் ஏறினேன்.

வீடு மேட்டின் பாதியில் இருந்தது. படி ஏறி முடிப்பதற்குள் உடற்கல்வி ஆசிரியைக்கே முழங்கால் கழன்றது. டொமினிக்கின் அம்மா பிலோமினா அக்கா வாசலில் நின்று, "வாங்க வாங்க, இந்தக் கதிரையில இருங்க, மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்றார். ஒல்லியான, சுறுசுறுப்பான பெண். தேநீரை நம் ஊர்போல அரை டம்ளர் ஊற்றுவதில்லை. பெரிய கோப்பை நிறைய. குடித்து முடித்தால் இன்னொன்று. சற்று நேரத்தில் டொமினிக் வந்தான். நல்ல அகலமான தோள். அதிகம் பேசாத வாய். "பயணம் எப்படி டீச்சர்?" என்று குனிந்து என் பெட்டியை எடுத்தபோது நான் வெட்கமில்லாமல் மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

மறுநாள் காலையில் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும். பாண் என்றால் ரொட்டி என்பது தெரியாமல் நான் வேறு எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். சம்பலில் காய்ந்த மாசிக் கருவாடு. பலாக்காய்ப் பிஞ்சைக் கறியைப் போலவே சமைத்து மதியத்துக்கு எடுத்து வைத்திருந்தார் பிலோமினா அக்கா.

சாப்பிடும்போது எங்கள் ஊர் அந்தோனியாரைப் பற்றிப் பேச்சு வந்தது. திண்டுக்கல் பக்கம் அந்தோனியாருக்குத் தை மாதத்தில் மாடு விடுவார்கள், கோயில் முன்னால் சல்லிக்கட்டு நடக்கும் என்றேன். பிலோமினா அக்காவுக்கு நம்ப முடியவில்லை.

"அந்தோனியாருக்கு மாடா?"

"அவர் வனத்து அந்தோனியார், அக்கா. காட்டுல தவம் பண்ணினவர். ஆடு மாட்டுக்கெல்லாம் அவர்தான் காவல். உங்க ஊர்க்காரர் பதுவை அந்தோனியார், கையில குழந்தை ஏசு இருக்கும். ரெண்டும் வேற வேற ஆளு."

அவர் சற்று யோசித்தார். "வேற ஆளா இருந்தா என்னங்க, ஒரே பேருதானே. கூப்பிட்டா ரெண்டு பேருல ஒருத்தர் வருவாரு."

அன்று டொமினிக் என்னைக் கண்டி நகரத்துக்கு அழைத்துப் போனான். வாவிக் கரையில் நடந்தோம். எதிர்க்கரையில், புத்தரின் பல்லை வைத்து வணங்கும் தலதா மாளிகையின் கூரை மழையில் நனைந்து மின்னியது. வெள்ளை உடுத்திய குடும்பங்கள் தாமரைப் பூக்களோடு போய்க்கொண்டிருந்தன. நான் சுற்றி வளைக்கவில்லை. அது என் வழக்கமும் இல்லை.

"டொமினிக், வருஷா வருஷம் விழுவியாமே? குடியா?"

அவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "யாரு சொன்னாங்க? நஸீமா தாத்தாவா? வழுக்குமரம் டீச்சர்! பெருநாளண்டைக்கு வழுக்குமரம் ஏறுவோம். மேட்டுக்காரங்க ஒரு கட்சி, ஆத்தங்கரைக்காரங்க ஒரு கட்சி. எங்க கட்சி எப்பவும் விழும்."

மனசிலிருந்த பாரம் இறங்கியது. அந்தச் சூட்டிலேயே மச்சானின் நிபந்தனையையும் சொல்லிவிட்டேன். சிரிப்பு போய்விட்டது. வாவியின் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான்.

"எங்க தாத்தா காலத்துல எங்கள எந்த நாட்டுக்காரங்களும் இல்லைன்னு வச்சிருந்தாங்க. அப்பாவுக்கு இந்த ஊருக் குடியுரிமை வந்தப்ப அவருக்குத் தல நரைச்சிருச்சு. இப்ப எனக்கு இங்க ஒரு வேல இருக்கு, ஓட்டு இருக்கு. ரோட்டுல போனா நாலு பேரு பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க. அங்க வந்தா நான் சிலோன்காரன் தானே, டீச்சர்? ஜெனியோட அப்பாவ இன்னைக்கும் அப்படித்தானே சொல்றாங்க?"

உண்மைதான். மச்சான் ஐம்பது வருடமாகத் திண்டுக்கல்லில் இருக்கிறார். இன்றைக்கும் அவர் வீடு 'சிலோன்காரர் வீடு'தான்.

"ஜெனிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. வாய் வரல்ல."

திரும்பும் வழியில் மீன் வைத்த பன் வாங்கிக் கொடுத்தான். இரண்டு பேரும் நடந்துகொண்டே தின்றோம். மாப்பிள்ளை நல்லவன், கல்யாணம் நடக்காது என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதே எனக்கு யோசனை.

அடுத்த நாள் திருவிழாவுக்கு முந்தின நாள். கண்டிக் கத்தோலிக்கருக்கே அந்தோனியார்தான் பாதுகாவலர் என்றாலும், இந்த மேட்டுக்கோயில்காரர்கள் அவரைத் தங்கள் சொந்தச் சித்தப்பா மாதிரி நடத்தினார்கள். சிறிய கோயில். சாயங்கால ஆராதனை ஒரு பாட்டு தமிழில், ஒரு பாட்டு சிங்களத்தில் என்று மாறி மாறிப் போயிற்று. கோயிலுக்கு வெளியே, இடுப்பில் சிவப்பும் வெள்ளையும் கட்டிய கண்டி மேளக்காரர்கள் ஒத்திகை பார்த்தார்கள். இவர்கள் பெரஹரா ஊர்வலத்தில் தலதாவுக்கு முன்னால் அடிப்பவர்கள். நாளைக்கு அந்தோனியாருக்கு முன்னால் அடிப்பார்கள். பவுத்தர்கள் வந்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். நெற்றியில் திருநீறோடு ஓர் அம்மாள் சொரூபத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருவதில் அந்தோனியார் கெட்டிக்காரராம். அதற்கு மதம் பார்ப்பதில்லையாம்.

ஒரு லாரியைப் பவனிக்காக அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தோனியார் மீன்களுக்குப் பிரசங்கம் செய்த காட்சி. நீலத் துணியில் அலை, அட்டையில் வெட்டி வெள்ளி வண்ணம் பூசிய மீன்கள், எல்லாம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்துக்காரரான பங்குத் தந்தை மேற்பார்வை பார்த்தபடி, "அந்தப் பெரிய மீனைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கோ, அது சுவாமியை விழுங்கிற மாதிரி நிக்குது" என்றார்.

திருவிழா நாள் தூறலோடு விடிந்தது. பெரிய பூசை முடிந்து, எல்லோருக்கும் சோறு போட்டு, பிறகு கோயில் மைதானத்தில் விளையாட்டு. கயிறிழுத்தல். குறுக்கே கட்டிய மரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து தலையணையால் அடித்துக்கொள்ளும் சண்டை. விழுந்தவர்கள் சேற்றிலிருந்து எழுந்து கும்பிட்டுக்கொண்டு போனார்கள். நடுவில் வழுக்குமரம். நம் பக்கம் இது கிருஷ்ணருக்கு ஏறுவது. இங்கே தோல் சீவிய நெட்டையான பாக்குமரத்தில் கராஜில் வாங்கிய கிரீஸை அப்பி, உச்சியில் ஒரு கொடியையும் ஒரு வாழைக்குலையையும் கட்டியிருந்தார்கள்.

டொமினிக் சட்டையைக் கழற்றிவிட்டு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் இடம் அடித்தளம். அவன் தோளில் ஒருவன், அவன் தோளில் இன்னொருவன், எல்லோருக்கும் மேலே சுனில் என்கிற ஒல்லியான சிங்களச் சலூன்காரர்.

"டொமினிக் மேல ஏறவே மாட்டாரா?" என்று பிலோமினா அக்காவைக் கேட்டேன்.

"ஒருநாளும் ஏறுனதில்ல. கீழ நிக்க ஆள் வேணுமே."

அந்த நேரம் பார்த்து ஜெனி வீடியோவில் கூப்பிட்டாள். பணி முடிந்து நர்ஸ் விடுதி அறையில் இருந்தாள். "காட்டுங்க சித்தி, காட்டுங்க" என்று அவசரம். கைப்பேசியை உயர்த்திப் பிடித்தேன். அக்கம்பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாம் திரைக்குள் எட்டிப் பார்த்தார்கள். நஸீமாவும் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். "இதா பொண்ணு? மாஷா அல்லாஹ், கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க மகள்" என்றார்.

மேட்டுக்காரர்கள் முதல் முறை பாதி கூட ஏறவில்லை. ஆற்றங்கரைக்காரர்களும் சரிந்தார்கள். இரண்டாவது முறை எனக்குப் பொறுக்கவில்லை. "முழங்காலை மடக்கி நில்லுங்க! தோளை உள்ளே ஒடுக்குங்க!" என்று பள்ளிக்கூடக் குரலில் கத்தினேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. டொமினிக் முழங்காலை மடக்கினான். கோபுரம் ஆடாமல் எழும்பியது. சுனிலின் விரல் கொடியின் நுனியைத் தொட்டது. மைதானம் முழுக்க ஒரே கூச்சல்.

அப்போது தூறல் வலுத்தது. சுனிலின் பாதம் நழுவியது. நடுவில் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் குதித்துத் தப்பினார்கள். டொமினிக்கும் விலகியிருக்கலாம். விலகவில்லை. தலைகீழாக வந்த சுனிலை இடது கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தான். சுனிலின் முழுப் பாரமும் அந்தக் கையில் விழுந்தது. இரண்டு பேரும் சேற்றில் உருண்டார்கள். சுனில் எழுந்துவிட்டார். டொமினிக் எழவில்லை.

ஓடினேன். அவன் முகம் வெளுத்து, இடது தோள் வட்டமாக இல்லாமல் பெட்டி போலச் சதுரமாகத் தெரிந்தது. கை ஒரு மாதிரி விலகித் தொங்கியது. கைப்பேசி இன்னும் என் கையில்தான் இருந்தது. "சித்தி! போனை ஆட்டாதீங்க. தோளைக் காட்டுங்க" என்றது அது. ஜெனியின் குரலில் அழுகை இல்லை. வேலைக் குரல்.

அதற்குள் பண்டா ஐயா வந்துவிட்டார். ஊரில் எலும்பு நழுவினால் இழுத்துப் போடுகிற பெரியவர். மண்டியிட்டு, டொமினிக்கின் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு காலை அவன் விலாவில் ஊன்றப் போனார். "ஒரே இழுப்பு. சரியாகிவிடும்" என்று அவர் சிங்களத்தில் சொன்னதை ஒருவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"இழுக்காதீங்க!" கைப்பேசியிலிருந்து வந்த சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "யாரும் தொடக் கூடாது! எலும்பு உடைஞ்சிருக்கான்னு எக்ஸ்ரே எடுக்காம இழுத்தா நரம்பு போயிரும். சித்தி, அவர்கிட்ட சொல்லுங்க!"

நான் கத்த, சுனில் அதைச் சிங்களத்தில் கத்தினார். பண்டா ஐயா நிமிர்ந்தார். கைப்பேசிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், திரையில் தெரிந்த பெண்ணை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டார். "எந்த ஆஸ்பத்திரி மிஸ் என்று கேட்கிறார்" என்றார் சுனில். இங்கே நர்ஸை மிஸ் என்பார்கள். ஜெனி சொன்னாள். எலும்புப் பிரிவு என்றதும் பெரியவர் கையை எடுத்துவிட்டார்.

அதன் பிறகு அந்த மைதானம் திண்டுக்கல் சொன்னபடி ஆடியது. விரலை அசைக்கச் சொன்னாள். அசைந்தது. தோளின் வெளிப்பக்கம் தொட்டால் தெரிகிறதா என்று கேட்கச் சொன்னாள். தெரிகிறது என்றான். பெரிய துணி வேண்டும் என்றாள். நஸீமா கடைக்கு ஓடி, ஒரு புது லுங்கியைக் கொண்டுவந்து பல்லால் கடித்துக் கிழித்தார். ஜெனி சொல்லச் சொல்ல நான் தூளி மாதிரி கட்டினேன். பிலோமினா அக்கா கண்ணீரோடு சீனி போட்ட தேத்தண்ணியை மகன் வாயருகே கொண்டுபோனார்.

"அத்தை, டீ குடுக்காதீங்க! மயக்க மருந்து குடுக்க வேண்டி வரும். வயிறு காலியா இருக்கட்டும்."

கோப்பை அந்தரத்தில் நின்றது. பிலோமினா அக்கா கைப்பேசியைப் பார்த்து, "சரி மகள்" என்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தத் தேத்தண்ணியைப் பண்டா ஐயாவிடம் கொடுத்தார். அவர் குடித்தார்.

கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும். முச்சக்கர வண்டியில் குலுங்கக் கூடாது என்றாள் ஜெனி. வாசலில் நின்றது பவனிக்கு அலங்கரித்த அந்த மீன் லாரி ஒன்றுதான். பங்குத் தந்தை ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஓம், ஓம், இதிலயே கொண்டு போங்கோ. சொரூபத்தை இன்னும் ஏத்தேல்லைத்தானே. அந்தோனியார் கொஞ்சம் பொறுப்பார்."

உடம்பெல்லாம் கிரீஸோடு டொமினிக் நீலத் துணி அலைகளுக்கு நடுவே உட்கார்ந்தான். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நான். சுற்றிலும் வாயைப் பிளந்த வெள்ளி மீன்கள். லாரி பாலத்தைத் தாண்டியதும் தெருவில் நின்றவர்கள் பவனி புறப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். கைகூப்பினார்கள். சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டிலிருந்து பூத் தூவினார்கள். டொமினிக்கின் தலையில் ஒரு வெள்ளை அரளி விழுந்தது. வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததால் இன்னும் வலித்தது.

"டீச்சர்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஜெனியோட அப்பாகிட்ட சொல்லுங்க. நான் அங்க வாறேன்."

"ஏன் இப்ப?"

"பார்த்தீங்கதானே. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகிட்டு ஒரு மைதானத்தையே அடக்கிட்டா. அவ வார்டுல எத்தன பேருக்கு அவ வேணுமோ. அங்கேர்ந்து அவளப் பிடுங்கி எடுக்கக் கூடாது."

 பிலோமினா அக்கா மகனின் தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை. மயக்கம் கொடுத்துத் தோளைப் பொருத்தினார்கள். நான் வெளியே நின்றபோது ஜெனி மறுபடி கூப்பிட்டாள். உடைவு இல்லை என்றதும்தான் அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"சித்தி, அப்பாகிட்ட நீங்க பேசுங்க. நான் அங்க போறேன்."

"எங்க?"

"கண்டிக்கு. பாத்தேன்ல சித்தி. அவன் விழுந்ததும் எத்தனை பேரு ஓடி வந்தாங்க. ஒருத்தர் இழுக்க வர்றாரு, ஒருத்தர் துணியக் கிழிக்கிறாங்க, சாமியாரு சாமி வண்டியவே குடுக்குறாரு. அத்தனை பேரை விட்டுட்டு அவன இங்க கொண்டாந்து நான் என்ன செய்ய? நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எதுவும் எழுதணும்னா அங்க போய் எழுதிக்கிறேன்."

 இவன் அங்கே வருகிறேன் என்கிறான், அவள் இங்கே வருகிறேன் என்கிறாள். நடுவில் நான் எதை யாரிடம் சொல்வது? டொமினிக்குக் கண் தெளிந்ததும், கைப்பேசியை அவன் தலையணையில் காதோடு சாய்த்து வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

பிலோமினா அக்கா அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து டொமினிக்கின் குரல் உயர்ந்து கேட்டது.

"என்னங்க சத்தம்?" என்று பதறினார்.

"ரெண்டு பேரும் சண்டை போடுறாங்க, அக்கா."

"இந்த நேரத்துலயா? எதுக்கு?"

"யாரு வர்றதுன்னு. நான் வாறேன்னு அவரு சொல்றாரு, நான் வர்றேன்னு அவ சொல்றா."

பிலோமினா அக்கா என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, "யாருங்க ஜெயிப்பா?" என்று கேட்டார்.

"ஜெனிதான். அவ எங்க வீட்டுல யார்கிட்டயும் தோத்ததில்ல."

டொமினிக்கை இரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அம்மா துணைக்கு இருந்தார். லாரியைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்பதால் நான் அதில் ஏறிக்கொண்டேன். இந்த முறை மீன்களுக்கு நடுவே நான் தனியாக. பூத் தூவியவர்களைப் பார்த்து வேறு வழியில்லாமல் கையசைத்தேன்.

கோயில் முற்றத்தில் எல்லோரும் குடையோடு காத்திருந்தார்கள். ஆற்றங்கரைக்காரர்கள் கொடியை எடுத்துவிட்டார்களாம். ஆனால் வெற்றிக் கூச்சல் போடாமல் டொமினிக்கின் தோளைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். நீலத் துணியில் ஒட்டியிருந்த கிரீஸை நஸீமா மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தார். அந்தோனியாரை ஏற்றினார்கள். சவுக்குக்காரர்கள் முன்னால் போய்ச் சாலையில் சவுக்கைச் சொடுக்கி வழி திறந்தார்கள். பின்னால் கொடிகள், தேவதூதர் வேடத்தில் இறக்கை நனைந்த சம்மனசுப் பிள்ளைகள், கண்டி மேளம். அந்த மேளம் காதில் கேட்கிற சத்தம் மட்டுமல்ல. நெஞ்செலும்பில் வந்து இடிக்கும். வெள்ளித் தோடும் கிரீடமும் அணிந்த ஆட்டக்காரர்கள் ஈரச் சாலையில் சுழன்றார்கள். புத்த கோயில் வாசலில் ஒரு பிக்கு எழுந்து நின்று பார்த்தார். பள்ளிவாசல் தெருக்காரர்கள் எல்லோருக்கும் இஞ்சி போட்ட கோப்பி கொடுத்தார்கள். ஒரு கையில் கோப்பியும் மறு கையில் மெழுகுவத்தியுமாக நான் நடந்தேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் மச்சான் கூப்பிட்டார். ஜெனி அவரிடம் பேசிவிட்டிருந்தாள் என்பது அவர் மூச்சு விட்ட விதத்திலேயே தெரிந்தது. நான் மெழுகுவத்தியை நஸீமாவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"எல்லாம் சொன்னா. அவதான் அங்க போறாளாம்" என்றார்.    மேளம் எங்களைக் கடந்து போயிற்று. அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"மாப்பிள்ளைக்கு எந்தக் கை?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை. அவர் வாயில் அந்தச் சொல் அப்போதுதான் முதலில் வந்தது.

"இடது கைதான் மச்சான். பயமில்ல. வலது கை நல்லா இருக்கு."

"அது போதுமா? தாலி முடிச்சுப் போட ரெண்டு கையும் வேணும். நல்லா ஆறட்டும். அங்க யாரும் அவசரப்படுத்தாம நீ பாத்துக்க" என்றார் மச்சான்.